மூன்றாவது பிளேட்: ஒரு நாவல் பிரதியை ஃபிட்டர் முறையில் சோதித்த நிகழ்வு ஆய்வு

## பின்புலம்

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், ஜீவன் பீமா நகர் பக்கம் வசிக்கும் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தாங்கள் எழுதிய கதைகளை வாசித்துப் பேசும் ஒரு சிறு வட்டத்தை நான் ஒருங்கிணைத்து வருகிறேன். அந்த வட்டத்தில் ஒரு நாவலின் கைப்பிரதி எங்கே சிக்கிக்கொண்டது, இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டரின் (உலோகப் பாகங்களை ராவிப் பொருத்துபவரின்) வேலைமுறையைப் பின்பற்றி அது எவ்வாறு சோதிக்கப்பட்டது, அதனால் எது சீரானது, எது கெட்டது என்பதை நடந்த வரிசையில் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதுவதால் பெயர்களைத் தவிர்த்து, அவர்களை எழுத்தாளர், முதல் வாசகர், மூன்றாமவர், ஃபிட்டர் என்றே குறிப்பிடுகிறேன்.

எழுத்தாளர் ஐம்பதை நெருங்கும் வங்கி ஊழியர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். விமான ஆலையான எச்.ஏ.எல். 1940இலும், தொலைபேசி ஆலையான ஐ.டி.ஐ. 1948இலும், இயந்திரக் கருவி ஆலையான எச்.எம்.டி. 1953இலும், மின்னணு ஆலையான பி.இ.எல். 1954இலும் தொடங்கப்பட்ட இந்த நகரத்தில், வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து வந்து ஆலை வேலையில் அமர்ந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் வட்டத்தில் பலர். இருந்தும், அவர்கள் எழுதும் கதைகளில் அப்பா சங்கு ஊதியதும் கிளம்பிப் போவார், மாலையில் சோர்ந்து திரும்புவார். இடையில் என்ன செய்தார் என்பது இருக்காது. அந்தக் குறையை நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்தில்தான் எழுத்தாளர் தம் நாவலைத் தொடங்கினார். 1964இல் பயிற்சித் தொழிலாளியாக ஆலைக்குள் நுழையும் ஒருவரில் ஆரம்பித்து, 2016இல் அவருடைய பேரனில் முடியும் கதை அது. 1980 டிசம்பரில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தமும், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளியானதை ஒட்டி 1991 டிசம்பரில் இந்நகரத் தமிழர்கள் தாக்கப்பட்ட நாட்களும் நாவலின் நடுப்பகுதியைத் தாங்கி நிற்கின்றன.

முதல் வாசகர் திருச்சியில் வளர்ந்தவர், மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர், 2012இல் இங்கு குடிவந்தவர், சிறுகதைகள் எழுதுபவர். இவரும் எழுத்தாளரும் பல ஆண்டுகளாகத் தங்கள் பிரதிகளை மாற்றிக்கொண்டு படித்து வந்தார்கள். நாவலின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் எழுதிய வாரத்திலேயே அவர் படித்திருக்கிறார். வட்டத்தில் மற்ற எந்த இருவருக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான வாசிப்பு இருந்ததில்லை. நானே பிறருக்கு அவர்களை முன்மாதிரியாகச் சொல்லி வந்தேன்.

## கவனித்தவை

பிரதி இரண்டு பதிப்பகங்களுக்குச் சென்று திரும்பியது. இரண்டுமே மறுப்போடு சில வரிக் குறிப்பும் அனுப்பியிருந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அந்த இரண்டு இடங்களிலிருந்தும் ஏறத்தாழ ஒரே கருத்து வந்தது: மொழி நன்றாக இருக்கிறது, தொடக்கம் பிடிக்கிறது, நடுவில் யார் எங்கே ஏன் போகிறார்கள் என்று புரியவில்லை. எழுத்தாளரும் முதல் வாசகரும் இதை ஏற்கவில்லை. நடுப்பகுதிதான் நாவலின் உயிர் என்றும், அடங்கிய தொனியில் எழுதப்பட்டிருப்பதால் அவசரமாகப் படிப்பவருக்குப் பிடிபடாது என்றும் இருவரும் உறுதியாக நம்பினார்கள். இருவரில் ஒருவருக்காவது சிறு ஐயம் இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்த முழு உடன்பாடுதான் எனக்கு உறுத்தியது.

அதே நேரத்தில், ஆலைக் காட்சிகளுக்காகச் சில கருவிகளின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எழுத்தாளர் ஒரு முதியவரைச் சந்தித்து வந்தார். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து 1970களின் தொடக்கத்தில் பயிற்சிக்கு வந்து, ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் டூல் ரூமில் (கருவிகள் செய்யும் பிரிவில்) ஃபிட்டராக ஓய்வு பெற்றவர் அவர். பயிற்சியின் தொடக்க வாரங்களில் ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கையில் கொடுத்து, ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ராவச் சொன்னதை அவர் விவரித்தார். வெயிலைப் பார்த்து நின்றபடி துண்டையும் மட்டத்தையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். எழுத்தாளர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் அது அழகாக இடம்பெற்றும் விட்டது.

எழுதுகிறவர்கள் கைவினைஞர்களிடம் போகும்போது பெரும்பாலும் இதைத்தான் கொண்டுவருகிறார்கள்: நான்கு கருவிப் பெயர்கள், ஒரு மணம், ஒரு தழும்பு. அதில் தவறேதும் இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவர் தம் வேலை சரியாக வந்திருக்கிறதா என்று எந்த வரிசையில், எதை எதன்மேல் வைத்துப் பார்க்கிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. எழுத்தாளரும் கேட்கவில்லை. அது தற்செயலாக வந்து சேர்ந்தது.

## பீன்யா பட்டறையில்

ஃபிட்டரின் உறவினர் பீன்யாவில் ஒரு சிறு பட்டறை நடத்துகிறார். மட்டம் பார்க்கப் பயன்படும் தட்டையான சர்ஃபேஸ் பிளேட் எப்படி இருக்கும் என்று எழுத்தாளர் கேட்டதால் ஃபிட்டர் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். நானும் முதல் வாசகரும் உடன் போனோம்.

மூலையில் தேய்ந்த வார்ப்பிரும்பு பிளேட்டுகள் இரண்டு கிடந்தன. ஃபிட்டர் அவற்றைத் துடைத்து, ஒன்றின்மேல் நீலச் சாயத்தை விரல் நுனியால் தொட்டு வைத்து, துணி உருண்டையால் பரப்பினார். பிளேட்டின் நிறம் நீலத்துக்கு அடியில் தெரிகிற அளவுக்கு மெல்லிய பூச்சு அது. அதன்மேல் மற்றொரு பிளேட்டைக் கவிழ்த்து, கையை அழுத்தாமல் இரண்டு அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தி, தூக்கித் திருப்பிக் காட்டினார். மேலே இருந்த பிளேட்டின் பரப்பு முழுவதும் நீலப் புள்ளிகள் சீராக ஒட்டியிருந்தன.

“முழுசா ஒட்டியிருக்கே சார், அப்போ ரெண்டும் மட்டமாத்தானே இருக்கு?” என்று எழுத்தாளர் கேட்டார்.

“ஒட்டியிருக்கும்மா. ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டுதுன்னு மட்டும்தான் இது சொல்லும். மட்டமா இல்லையான்னு சொல்லாது” என்றார் அவர். பிறகு உறவினரின் மேசையிலிருந்து மூன்றாவதாக ஒரு நல்ல பிளேட்டை எடுத்துவந்து, அதில் நீலம் பூசி, முதல் இரண்டில் ஒன்றை அதன்மேல் வைத்துத் தேய்த்துத் திருப்பினார். நடுவில் மட்டும் உள்ளங்கையளவு நீலம் ஒட்டியிருந்தது. ஓரங்கள் வெறுமையாக இருந்தன. மற்றதைத் தேய்த்தபோது நான்கு ஓரங்களிலும் நீலம் இருந்தது. நடுப்பகுதியில் ஒன்றும் இல்லை. ஒன்று லேசாகப் புடைத்தது, மற்றொன்று அதே அளவுக்குக் குழிந்தது. ஒன்றை வைத்தே மற்றொன்றைச் சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்தவர்கள் இரண்டையும் சேர்த்தே கோணலாக்கியிருக்கிறார்கள்.

நல்ல பிளேட் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று முதல் வாசகர் கேட்டார். அதற்கு ஃபிட்டர் விளக்கிய முறை இயந்திரத் தொழிலில் பழையது. ஹென்றி மாட்ஸ்லேயின் லண்டன் பட்டறையில் பணிபுரிந்த ஜோசப் விட்வொர்த், 1840இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் சங்கக் கூட்டத்தில் தட்டையான உலோகப் பரப்புகளை உண்டாக்குவது குறித்து ஒரு கட்டுரை வாசித்தார். பரப்புகளை எமரி என்ற உராய்வுப் பொடி போட்டு உரசுவதை விட்டு, சாயம் காட்டும் மேடுகளை மட்டும் கைக்கருவியால் சுரண்டியெடுக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியது. மட்டம் எது என்று யாருக்கும் தெரியாத நிலையில் மூன்று பிளேட்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவதையும் இரண்டாவதையும் பொருத்துகிறார்கள். பிறகு முதலாவதோடு மூன்றாவதைப் பொருத்துகிறார்கள். முதலாவது குழிந்திருந்தால் மற்ற இரண்டும் இப்போது புடைத்திருக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் மட்டும் தொட்டு அந்தப் புடைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டிலும் சமமாகச் சுரண்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றும் எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும் நிலை வந்தால், அவை மட்டமாக மட்டுமே இருக்க முடியும். இடையில் ஒன்றைத் தொண்ணூறு பாகை திருப்பியும் வைத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே திசையில் வைத்துத் தேய்த்தால், பரப்பில் முறுக்கு இருந்தாலும் மூன்றும் பொருந்துவதாகவே காட்டும்.

இந்த மூன்றில் எதுவும் நீதிபதி இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்றுமே சுரண்டப்படுகின்றன. அளவுகோலே இல்லாத இடத்தில் மூன்று குறையுள்ள பரப்புகள் ஒன்றையொன்று திருத்தி அளவுகோலாகின்றன. புனைவுக்கு மைக்ரோமீட்டர் கிடையாது என்று அங்கலாய்க்கும் நாங்கள் இதைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிரதியின் சிக்கல் என்ன என்பது அன்று மாலையே ஓரளவு தெளிந்தது. எழுத்தாளர் சொல்லாமல் விடுகிற இயல்புடையவர். முதல் வாசகர் விடுபட்டதை நிரப்பிக்கொள்கிற இயல்புடையவர். மேலும், அலுவலகம் செல்லும் வழியில் எழுத்தாளர் பேசுவதைக் கேட்டுக்கேட்டு, பிரதியில் இல்லாததெல்லாம் முதல் வாசகருக்குத் தெரிந்திருந்தது. எதிர்த்திசையிலும் இதே கதைதான். முதல் வாசகரின் சிறுகதைகளில் விளக்கம் மிகுதி. எழுத்தாளரோ விளக்கங்களை மேலோட்டமாகத் தாண்டிப் படிப்பவர். ஆகவே இருவருக்கும் மற்றவரின் பிரதியில் தடையே தென்படவில்லை. குழிவும் புடைப்பும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

மூன்றாவதாக யாரைச் சேர்ப்பது என்பதில் விவாதம் எழுந்தது. ஒரு பேராசிரியரையோ, பெயர் பெற்ற எழுத்தாளரையோ அழைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. வருபவர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருடைய கோணல் எங்கே என்று நமக்குத் தெரியாது. தன் பிரதியையும் சோதனைக்கு வைக்கிற ஒருவரே தேவை என்று முடிவு செய்தோம். பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் மூன்றாமவர் அப்படி வந்தார். திருப்பூரிலிருந்து வந்தவர், சிறுகதைகள் எழுதுபவர், வட்டத்துக்குப் புதியவர், எழுத்தாளரோடு அதுவரை பேசிப் பழகாதவர்.

மூவரும் ஒன்றாக உட்கார்ந்து விவாதிப்பதைத் தவிர்த்தோம். பட்டறையில் ஒரே நேரத்தில் இரண்டு பிளேட்டுகள்தான் தொட்டுக்கொள்கின்றன. மூன்றையும் அடுக்கினால் எது எங்கே தொட்டது என்று தெரியாது. அதே காரணத்தால் எப்போதும் இருவர் மட்டுமே, ஒருவர் அத்தியாயத்தை மற்றவர் படிப்பதாக ஏற்பாடு செய்தோம்.

அடுத்து, நீலத்துக்கு ஈடாக எதை வைப்பது என்ற கேள்வி வந்தது. அதுவரை எங்கள் வழக்கம் கருத்துச் சொல்வது: இங்கே தொய்வாக இருக்கிறது, இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை, இந்த வரி அருமை. ஃபிட்டர் பட்டறையில் சொன்ன ஒரு செய்தி இதை மாற்றியது. நீலத்தைத் தடிப்பாகப் பூசினால் பள்ளத்திலும் போய் ஒட்டிக்கொண்டு, பரப்பு முழுவதும் தொட்டதாகக் காட்டும். வேலை நுட்பமாக ஆக ஆகப் பூச்சை மெலிதாக்கிக்கொண்டே போக வேண்டும். கருத்து என்பது தடித்த பூச்சு என்று எங்களுக்குப் பட்டது. படித்தவர் தம் ரசனையையும் கருணையையும் சேர்த்தே அதில் பூசிவிடுகிறார். ஆகவே, வாசகர் ஓர் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும், எழுத்தாளரிடம் ஒரு சொல்லும் கேட்காமல், யாருக்கு, எப்போது, எங்கே, என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். எழுத்தாளரும் தாம் நடந்ததாக நினைப்பதை முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதி உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருந்தாத இடங்களை அடிக்கோடிட்டுத் தருவேன் என்று வகுத்துக்கொண்டோம். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற சொற்களுக்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

இந்த ஏற்பாட்டை வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். எந்தப் பாகத்தை எந்த இயந்திரத்தில் மாட்டினாலும் பொருந்த வேண்டும் என்பது ஆலையின் நோக்கம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியிருக்கவே முடியாது என்பதுதான் இலக்கியம், இந்த அரத்தைக் கொண்டு ராவினால் மூவரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்றார். இந்த எதிர்ப்பில் பாதி நியாயம் இருப்பதாக அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதனால் வாக்கிய நடை, உவமை, பேச்சுமொழி ஆகிய எதுவும் இந்தச் சோதனைக்குள் வராது என்று எல்லை வகுத்தோம். ஃபிட்டரிடம் இதைச் சொன்னபோது, சுரண்டி முடித்த பரப்பில் நீலம் இடைவெளியின்றி ஒட்டுவதை அவர்களே விரும்புவதில்லை என்றார். லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் நகரும் பரப்பில் புள்ளிகளுக்கு நடுவே நுண்ணிய பள்ளங்கள் இருந்தால்தான் எண்ணெய் தங்கும். இல்லையென்றால் இரண்டு பரப்புகளும் கவ்விக்கொண்டு நகர மறுக்கும். வாசகரின் பக்கமும் எழுத்தாளரின் பக்கமும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டியதில்லை என்பதையும் விதியில் சேர்த்தோம்.

கடைசி முடிவு தேதிகளைப் பற்றியது. எழுத்தாளர் காலவரிசைக்காக வைத்திருந்த நோட்டை ஃபிட்டர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுலேருந்து அளக்குறீங்கம்மா?” என்று கேட்டார். அவர் கேட்டதன் பொருள் இதுதான். ஒரு பட்டையில் இருபது மில்லிமீட்டர் இடைவெளியில் பத்துத் துளைகள் போட வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய துளையிலிருந்து அளந்து குறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் 0.1 மில்லிமீட்டர் தவறினாலும் அது கூடிக்கூடிப் பத்தாவது துளை ஒரு மில்லிமீட்டர் வரை விலகிவிடும். முதலில் ராவி மட்டமாக்கிய ஓரத்தை டேட்டம் என்று வைத்துக்கொண்டு, எல்லாத் துளைகளையும் அந்த ஓரத்திலிருந்தே அளக்க வேண்டும். எழுத்தாளரின் நோட்டில் ஒவ்வோர் அத்தியாயமும் முந்தைய அத்தியாயத்திலிருந்துதான் அளக்கப்பட்டிருந்தது. நாங்கள் 1980 டிசம்பரை டேட்டமாக எடுத்து, எல்லா நிகழ்ச்சிகளையும் எல்லோருடைய வயதையும் அதிலிருந்தே மறுபடி கணக்கிட்டோம்.

## தொடர்ந்து நடந்தவை

தேதிக் கணக்கு உடனே பலன் தந்தது. வேலைநிறுத்தத்தின்போது மகளுக்கு ஆறு வயது. அடுத்தடுத்த அத்தியாயங்கள் ‘இரண்டு ஆண்டுகள் கழித்து’, ‘அடுத்த மழைக்காலத்தில்’, ‘ஐந்து ஆண்டுகளுக்குப் பின்’ என்று தொடங்கின. அதன்படி கலவர அத்தியாயத்தில் அவள் பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. அந்த அத்தியாயமோ 1991 டிசம்பர் என்று சொல்கிறது. அவள் பி.யு.சி. இரண்டாம் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், இருந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் எங்கும் சொல்லப்படாமல் காணாமல் போயிருந்தன. ஒவ்வோர் அத்தியாயமும் முந்தையதோடு பொருந்தியதால் இருவர் கண்ணிலும் இது படவில்லை. அவளுடைய வயது மாறியதும் அத்தியாயத்தின் தன்மையே மாறியது: ஒன்பதாம் வகுப்புச் சிறுமி பயந்து அழலாம், கன்னட வழிக் கல்லூரித் தோழிகள் உள்ள பதினேழு வயதுப் பெண்ணின் அன்றைய இரவு வேறு.

இன்னொரு பிழை 1998இல் நடக்கும் காட்சியில் இருந்தது. ஓய்வு பெற்ற தந்தை அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தச் சிலை 1991இலேயே அமைக்கப்பட்டும், எதிர்ப்பின் காரணமாக 2009 ஆகஸ்ட் 9 வரை மூடியே கிடந்தது. எழுத்தாளர் அந்த வழியாகவே பல ஆண்டுகள் பேருந்தில் சென்றவர். நாள்தோறும் சிலையைத் திறந்த நிலையில் பார்த்துப் பழகியதால் பழைய கோலம் மனத்திலிருந்து நழுவிவிட்டது. முதல் வாசகர் இங்கு வந்ததே சிலை திறக்கப்பட்ட பிறகு. இதைக் கண்டுபிடித்தவர் ஃபிட்டர்தான். மூடிய சிலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தந்தையாக அந்தக் காட்சி திருத்தி எழுதப்பட்டது. முன்பைவிட அது கூர்மையாக வந்திருக்கிறது என்பது என் கருத்து.

மூன்றாமவர் கலவர அத்தியாயத்தைப் படித்து எழுதிய பக்கம்தான் எல்லோரையும் அதிரவைத்தது. ‘இரவோடு இரவாகக் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறது, அப்பாவுக்குப் போக விருப்பமில்லை’ என்று எழுதியிருந்தார். தாய் பட்டுப்புடவைகளையும் நகைகளையும் பெட்டியில் வைப்பது, பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண்மணி பின்வாசல் வழியாக வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்வது, தந்தை வாசலிலேயே நிற்பது ஆகியவை மட்டும் பிரதியில் இருந்தன. ஏன் என்பது ஒரு வரியிலும் இல்லை. 1991 டிசம்பரில் இந்நகரத்தில் இருந்தவர்களுக்கும், இருந்தவர்களிடம் கதை கேட்டவர்களுக்கும் ‘ஏன்’ தேவைப்படவில்லை. எழுத்தாளர் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது அவர் விளக்கம் எதையும் சேர்த்திருக்கவில்லை. தந்தை வாசலில் நிற்கும் அந்த நேரத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். தமிழில் பெயர் பொறித்த பித்தளைப் பலகையை அவர் கழற்றுகிறார். முதல் வடிவில் அவர் அதைப் பிடுங்கி எறிவதாக இருந்தது. ஃபிட்டர் படித்துவிட்டு, “பிடுங்க மாட்டார்மா. ஸ்க்ரூடிரைவர் எடுத்துதான் கழட்டுவார். ஸ்க்ரூ நாலையும் சட்டைப் பைல போட்டுப்பார், கீழ விழ விடமாட்டார்” என்றார். இரண்டாம் வடிவில் அப்படியே எழுதப்பட்டது. அதைப் படித்த மூன்றாமவரின் பக்கத்தில் கல்யாணம் இல்லை. ‘தமிழர் என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள்’ என்று இருந்தது.

முதல் வாசகரும் மூன்றாமவரும் சிறுகதைகளை மாற்றிக்கொண்டபோது நேர்ந்தது வேறு. இருவருமே விளக்குகிறவர்கள். முதல் வாசகர் அலுவலக நடைமுறைகளைப் பத்தி பத்தியாக விளக்குவார். மூன்றாமவர் கதை முடிந்த பிறகு அதன் பொருளை இன்னொரு பத்தியில் சொல்வார். ஒருவருடைய விளக்கப் பத்திகள் மற்றவருடைய பக்கத்தில் ஒரு தடயம்கூட இல்லாமல் விடுபட்டிருந்தன. இருவரும் அவற்றைத் தாண்டிப் படித்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக எழுத்தாளர் அவருக்குச் சொல்லாத ஒன்றை முதல் வாசகர் இந்தத் தாள்களிலிருந்து தெரிந்துகொண்டார். அவருடைய கதைகள் சில இப்போது பாதியாகச் சுருங்கிவிட்டன.

தொண்ணூறு பாகை திருப்பி வைப்பதற்கு ஈடாக, இரண்டாம் சுற்றில் அத்தியாய வரிசையை விட்டு, தாய் வரும் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படிக்கக் கொடுத்தோம். அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தபோது நிறைவாகத் தோன்றிய அந்தப் பாத்திரம், தனித்துப் படித்தபோது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு யாருக்காவது சோறு போடுவதைத் தவிர வேறு எதையும் செய்யாமலிருந்தது. இங்கேதான் முறை எல்லை மீறியது. எழுத்தாளர் தாயின் பகுதிகளைத் திருத்தி, சோதித்து, மறுபடி திருத்தி, ஒவ்வொரு முறையும் வாசகர் பக்கத்தோடு பொருந்தும்படி செதுக்கிக்கொண்டே போனார். முடிவில் தாய் என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்பது யாருக்கும் ஐயமில்லாமல் புரிந்தது. ஆனால் பழைய பிரதியில் அவளிடம் இருந்த ஒரு பிடிபடாத தன்மை போய்விட்டது. வேலைநிறுத்த நாட்களில் அவள் அரிசி அளக்கும் பழைய அத்தியாயத்தை எழுத்தாளர் அப்படியே மீட்டு வைத்துக்கொண்டார். அது சரியான முடிவு.

உலோகத்தில் இப்படி மீட்க முடியாது. சுரண்டியெடுத்தது திரும்பி வராது என்பதால் ஃபிட்டர் ஒவ்வொரு சீவலுக்கு முன்னும் நீலம் பார்க்கிறார். கணினியில் எழுதுகிறவருக்கு எதையும் மீட்கலாம் என்ற தைரியம் இருப்பதால், பார்க்காமலே வெட்டுகிறார். பிறகு எந்த வடிவில் எது இருந்தது என்று தேடுகிறார். எழுத்தாளர் பழைய அத்தியாயத்தைக் கண்டெடுத்ததுகூட, முதல் வாசகரின் மின்னஞ்சலில் அது கிடந்ததால்தான்.

திருத்தப்பட்ட நாவலை ஒரு சிறு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்குச் சோதனை மட்டும் காரணம் என்று சொல்லத் தயங்குகிறேன், ஏனெனில் அந்தப் பதிப்பகம் பழைய வடிவத்தைப் பார்த்ததில்லை. எழுத்தாளரும் முதல் வாசகரும் முன்புபோல் வாராவாரம் பிரதிகளை மாற்றிக்கொள்வதில்லை. அவர்களிடையே இருந்த இணக்கத்தில் ஏதோ குறைந்துவிட்டதாக முதல் வாசகர் என்னிடம் வருத்தப்பட்டார். இதையும் விளைவுகளில் ஒன்றாகப் பதிவு செய்வதே முறை.

## அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தேதிக் கணக்கைச் சோதனையோடு கலக்காமல், பிரதி எழுதத் தொடங்கும்போதே டேட்டம் ஒன்றைக் குறித்துவிட வேண்டும். வெளியுலகத்தில் நடந்த, மாற்ற முடியாத தேதியுடைய நிகழ்ச்சியாக அது இருப்பது நல்லது. பிரதியில் ‘அடுத்த மழைக்காலத்தில்’ என்றே தொடங்கலாம். நோட்டில் மட்டும் ஆண்டும் மாதமும் இருக்க வேண்டும்.

ஓர் அத்தியாயத்தை ஒரே வாசகரிடம் இரண்டு முறைக்கு மேல் கொடுக்கக் கூடாது. மூன்றாமவர் கலவர அத்தியாயத்தின் இரண்டாம் வடிவத்தைப் படிக்கும்போது முதல் வடிவத்தை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். எழுத்தாளர் கலங்கி எழுந்து போனதையும் பார்த்திருந்தார். அவருடைய இரண்டாவது பக்கம் எவ்வளவு தூரம் பிரதியிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திருத்திய வடிவத்தை இந்த நகரத்தையே அறியாத ஒருவரிடம் கொடுத்திருந்தால் ஐயம் இருந்திருக்காது.

அடிக்கோடிடும் வேலையை ஒருவரே செய்வதும் சரியில்லை. எந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது, எது எண்ணெய் தங்கும் பள்ளம் என்று தீர்மானித்தது நான். தாயின் பகுதிகள் அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டதில் அந்த அடிக்கோடுகளுக்கும் பங்கு உண்டு. இனி அந்த வேலை மூவருக்குள் மாறி மாறி வரும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் பிரதியை அச்செடுத்து, தேதியிட்டு, வட்டத்தின் அலமாரியில் வைப்பதும் கட்டாயமாகிறது.

அடுத்து மேசைக்கு வருவது மூன்றாமவரின் சிறுகதைத் தொகுப்பு. எழுத்தாளர் அதன் ஒரு வாசகர். இன்னொருவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்து இங்கே மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருப்பவர், தம் முதல் குறுநாவலை எழுதிக்கொண்டிருப்பவர், திருப்பூரைப் பார்த்திராதவர்.